ஆளில்லாத வரி கிளாரினெட்டுக்கு

வெள்ளைப்பாறையில், சாகாத ஒருவருக்காக ஊரே துக்கம் காத்த வருஷம் சிமெண்ட் ஆலைக்கு ஐம்பதாவது வருஷம். மழை வழக்கத்தைவிடக் குறைவு, முருங்கை இலையிலும் மாதா கோயில் மணியிலும் படிகிற வெள்ளைத் தூசி வழக்கத்தைவிட அதிகம், இவற்றைத் தவிர குறிப்பிட்டுச் சொல்ல அந்த வருஷத்தில் வேறொன்றும் நடக்கவில்லை.

ஆலையின் நலப்பிரிவுக்கு ஒரு பேண்டு இருந்தது. இருபத்திமூன்று பேர். சூளையில் வேலை செய்கிறவர்கள், மூட்டை கட்டுகிறவர்கள், சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைக்கிறவர்கள், எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு பூங்காவின் எட்டுத் தூண் மேடையில் ஏறி உட்காருவார்கள். சினிமாப் பாட்டு, கோயில் பாட்டு, ராணுவ நடைப்பாட்டு என்று ஒன்றரை மணி நேரம் வாசிப்பார்கள். ஊர் பெஞ்சுகளிலும் புல்லிலும் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபடி கேட்கும். நாற்பது வருஷமாக அவர்கள் வாசித்த எதுவும் அவர்களுடையதல்ல. எல்லாம் வேறெங்கோ யாரோ போட்ட மெட்டு, அதை எடுத்து, இது டிரம்பெட்டுக்கு, இது டிராம்போனுக்கு, இது மடியில் அணைத்து ஊதும் யூபோனியத்துக்கு என்று பிரித்துக் கொடுப்பவர் ஞானாபரணம் மாஸ்டர்.

பிரித்துக் கொடுப்பதில் எப்போதும் ஒரு தொல்லை உண்டு. சனிக்கிழமை மதியம் ஆலை வாசலில் ஷிப்டு பட்டியல் ஒட்டுவார்கள், அதைப் பார்த்த பிறகுதான் மறுநாள் மேடைக்கு யார் வருவார்கள், யார் வர முடியாது என்பது தெரியும். டிராம்போன்காரருக்கு மாலை ஷிப்டு என்றால் அவருடைய வரியை யாராவது வாசிக்க வேண்டும். பேண்டில் கிளாரினெட் மட்டும் நான்கு பேர், அதில் ஒருவராவது எப்போதும் இருப்பார், ஆகவே ஆளில்லாத வரி எதுவானாலும் மாஸ்டர் அதைக் கிளாரினெட் தாளில் பொடி எழுத்தில் எழுதிச் சேர்த்துவிடுவார். நாற்பது வருஷமாக இதே முறை. ஆளில்லாத வரி கிளாரினெட்டுக்கு என்பது ஊர்ப்பேச்சாகவே ஆகி, கேன்டீனில் கடைசி வடை மிஞ்சினால்கூட அது கிளாரினெட்டுக்கு என்று சொல்லி யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

ஐம்பதாவது வருஷ விழாவுக்கு, இதற்கு முன் எங்கும் ஒலிக்காத பாட்டு ஒன்றை ஆலையின் பேண்டு சொந்தமாக உருவாக்கி வாசிக்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோது மாஸ்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து நலப்பிரிவு அதிகாரி நாச்சியப்பனிடமே திருப்பிக் கொடுத்தார். நாச்சியப்பன் கெட்டவரல்ல. எதற்கும் ஒரு பதிவேடு இருந்தால் அது ஒழுங்காக முடியும் என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

"பழைய பாட்டுல ஏற்கெனவே ஆள் உக்காந்திருக்கு சார்," என்றார் மாஸ்டர். "கேக்குறவனுக்கு அவன் கல்யாணம் ஞாபகம் வரும், அவன் அப்பன் செத்தது ஞாபகம் வரும். நாம கதவைத் திறந்துவிட்டாப் போதும். புதுப் பாட்டு காலி வீடு. அதுல யாரு குடிவருவான்னு நமக்குத் தெரியாது."

நாச்சியப்பன் சிரித்துக்கொண்டு, வாடகைக்கு ஆள் பிடிப்பது தன் பொறுப்பு என்றார்.

காலி வீட்டைக் கட்டிக் கொண்டுவந்தது முதல் கிளாரினெட் வாசிக்கும் அமலோற்பவம். முப்பத்தொன்பது வயது, ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை. சிமெண்டும் மணலும் குழைத்துச் சிறு கட்டிகளாக வார்த்து, மூன்றாம் நாள் சிலதை, ஏழாம் நாள் சிலதை, இருபத்தெட்டாம் நாள் மீதியை இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று எழுதுவது அவள் வேலை. உடைவதற்கு ஒரு நொடி முன்னால் கட்டி மெலிதாக ஒரு சத்தம் போடும், பதினாறு வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு அதிலிருந்து இந்த மெட்டு வந்தது என்று அவள் சொன்னாள். ஒன்பது நிமிஷப் பாட்டு. நடுவில் யூபோனியத்துக்குத் தனியாக எட்டு வரி, அதை வாசிக்க வேண்டியவர் சூளை மேஸ்திரி வேலாண்டி. மாஸ்டர் தாளை வாங்கி ஒரு முறை மனதுக்குள் ஓட்டிப்பார்த்து, நன்றாக இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார், அதைச் சொல்லும்போது அவர் முகம் நன்றாக இல்லை.

அந்தப் பாட்டை முதல் ஞாயிறு வாசித்து முடித்தபோது பூங்காவில் யாரும் கைதட்டவில்லை. ஆண்கள் துண்டை முகத்தில் வைத்திருந்தார்கள், பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருந்தார்கள், கடலை வண்டிக்காரர் அடுப்பை அணைத்திருந்தார். எல்லோருக்கும் ஒருவருடைய ஞாபகம் வந்திருந்தது. அவர் செத்துப்போயிருந்தார். அவர் பெயரோ முகமோ யாருக்கும் தெரியவில்லை, ஆனால் அவர் இருந்தார் என்பதிலும் இப்போது இல்லை என்பதிலும் யாருக்கும் சந்தேகமில்லை.

திங்கட்கிழமை தொழிற்சங்கம் கறுப்புப் பட்டை கொடுத்தது. கேன்டீனில் இனிப்பு நிறுத்தப்பட்டது. பேருந்து நிலையத்து பிளெக்ஸ் கடைக்காரர் கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்று அடித்து, படம் வைக்க வேண்டிய வட்டத்தை வெள்ளையாகவே விட்டு, தூசி அந்த வட்டத்தை நிரப்பாமல் தினம் காலையில் ஈரத்துணியால் துடைத்தார். பங்குச் சாமியாரும் அம்மன் கோயில் பூசாரியும், இறந்தவர் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியாததால், ஆளுக்கு ஒரு முறை செய்துவிடுவது என்று அரைமணி நேரத்தில் பேசி முடித்தார்கள். லைன் வீடுகளில் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள், ராசா என்று அழைத்தால் யாருக்கும் பொருந்தும் என்பதால் பெயர் இல்லாதது அவர்களுக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. நாச்சியப்பன் ஒரு கோப்பு திறந்து, முதுகில் பெயர் எழுதும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்தார்.

வந்த ஞாபகம் எல்லோருக்கும் ஒன்றல்ல. டிரம்பெட் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு அவர் சிரிப்பும் கோபமும், டிராம்போன் பக்கம் இருந்தவர்களுக்கு அவர் நடையும் உயரமும், கிளாரினெட்டுகளுக்கு எதிரே புல்லில் இருந்த பெண்களுக்கு அவர் கைகள் என்று இடத்துக்கு ஒன்றாக வந்தது. ஆளுக்கு ஒரு துண்டு, அதற்கு மேல் இல்லை. இரண்டாம் ஞாயிறு ஊரே கேட்டுக்கொண்டபடி மறுபடி வாசித்தார்கள். துண்டுகள் கொஞ்சம் பெரிதாயின. வேர்க்கடலையை உடைத்தால் நடுவில் இருக்கும் சின்ன முளையைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் அவர் தின்பார் என்று மருந்துக்கடைக்காரருக்கு வந்தது. நாட்காட்டியை ஒரு நாள் தாமதமாகத்தான் கிழிப்பார் என்று தபால்காரருக்கு. படுக்கும்போது தலையணையைத் திருப்பி அடிப்பக்கத்தின் குளிர்ச்சியில் கன்னத்தை வைப்பார் என்று பள்ளிக்கூட வாட்ச்மேனுக்கு. தனக்கு வந்ததைச் சொல்லும்போது ஒவ்வொருவரும், ரொம்ப நாள் பழகியவரைப் பற்றிச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அமலோற்பவத்துக்கும் ஒன்று வந்திருந்தது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. குழாயடியில் குனிந்து முகம் கழுவுகிற ஒரு முதுகு, அதில் ஈரத்துண்டு. முகம் தெரியவில்லை. அவளும் மற்றவர்களைப்போல அழுதாள், அழுதபடியே வாசித்தாள், அவ்வளவு பேரை அழவைத்த பாட்டு தன்னுடையது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பிறகு ரேஷன் கடை வரிசையிலும் மீன் கடையிலும் ஆலை பஸ்ஸிலும் நின்றும் உட்கார்ந்தும் ஊர்க்காரர்கள் சொன்ன துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டபோது, இரண்டாம் ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை, கையில் சங்கரா மீன் பையோடு, அவள் அப்படியே நின்றுவிட்டாள். ஊருக்கு ஆளுக்கொரு துண்டுதான். துண்டுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் முழு ஆளாகத் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். அவருடன் அவள் பதினெட்டு வருஷமாக வாழ்ந்துகொண்டிருந்தாள்.

அவள் கணவன் மிக்கேல் ஆலையில் கிரேன் ஓட்டுகிறவன். ஐந்தடி ஏழு அங்குலம், நல்ல உடம்பு, நாளைக்கு எட்டு மணி நேரம் தரைக்கு மேலே அறுபதடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பதால் பேச்சு குறைவு. ஞாயிறுதோறும் பெரிய டிரம்முக்குப் பின்னால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மனைவி வாசிப்பதைக் கேட்பான். அந்தச் செவ்வாய் அவன் வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள், பாட்டு கேட்கும்போது அவனுக்கு என்ன ஞாபகம் வந்தது என்று.

"ஒண்ணும் வரல அமலி. டிரம்முக்குப் பின்னால உக்காந்தா டம்டம்முனுதான் கேக்கு."

அந்த ஞாயிறு அவனை அவள் டிரம்பெட் பக்கம் உட்காரவைத்தாள். அவனைச் சுற்றி நாற்பது பேர் அழுதார்கள். அவன் கடலையை உடைத்து, முளையைக் கிள்ளி எறிந்துவிட்டு, வாயில் போட்டுக்கொண்டான். பாட்டு நல்லா இருந்துச்சு என்று அவளிடம் சொன்னான், ஊரில் அந்தப் பாட்டைப் பாட்டாகக் கேட்ட ஒரே ஆள் அவன்தான்.

மறுநாள் அவள் மாஸ்டரிடம் போனாள். மாஸ்டர் பயிற்சிக் கூடத்தில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை. ஊரே ஒருவருக்காகத் துக்கப்பட்டால் அந்தத் துக்கம் வராத ஆள் ஒருவர் இருக்கத்தான் வேண்டும், தன்னை நினைத்துத் தனக்கே எப்படித் துக்கம் வரும் என்று சொல்லிவிட்டு, இதை நாச்சியப்பன் கண்டுபிடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகாது என்றும் சொன்னார்.

நான்கு நாள்தான் ஆனது. வெள்ளிக்கிழமை ஆலை வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். முதல் ஞாயிற்றிலிருந்து இருபத்தெட்டாம் நாள், எந்தக் கட்டியும் முழு உறுதி அடைகிற நாள் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த நாள், அன்று ஐம்பதாவது ஆண்டு விழாவும் அன்னாரின் இறுதிக் காரியமும் ஒன்றாக நடக்கும். அதற்குள் ஒவ்வொருவரும் நலப்பிரிவுக்கு வந்து தமக்கு வந்த ஞாபகத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒன்றும் வராதவர் இருந்தால் அவரும் வந்து சொல்லலாம், அஞ்ச வேண்டியதில்லை. பொது மயானத்தில் வேப்பமரத்துக்கு அருகே, டிராம்போன் பக்கத்து ஆட்கள் சொன்ன உயரத்தை வைத்து, ஐந்தடி ஏழு அங்குலத்துக்குக் குழி வெட்டி ஓலை போட்டு மூடினார்கள். யாருடைய குரலிலும் வன்மம் இல்லை. அழுது முடித்தாயிற்று, இட்லி மாவு அரைக்கச் சொல்லியாயிற்று, இனி ஆள் வர வேண்டியதுதான் பாக்கி என்பதுபோல ஊர் பொறுமையாகக் காத்திருந்தது.

நான்காம் ஞாயிறு மாஸ்டர் அந்தப் பாட்டையே எடுக்கவில்லை. சினிமாப் பாட்டாகப் பன்னிரண்டு வாசித்தார். ஏழாவது பாட்டின் நடுவில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது; அது புதுப் பாட்டின் மெட்டு. பிறகு பெஞ்சுகள், புல், வேலிக்கு வெளியே சைக்கிளில் காலூன்றி நின்றவர்கள் என்று எல்லோரும் வாயை மூடியபடி முனகி ஒன்பது நிமிஷமும் முடித்தார்கள், மேடையில் இருபத்திமூன்று பேர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

திங்கட்கிழமை மிக்கேல் பதிவேட்டு வரிசையில் நின்றான். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று அமலோற்பவம்தான் அனுப்பினாள், என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். முறை வந்ததும் அவன், செத்துப்போனவர் ஒரு நாள் தன்னிடம் சைக்கிள் பம்ப் இரவல் வாங்கிக்கொண்டுபோய்த் திருப்பித் தரவில்லை என்று சொன்னான். குமாஸ்தா பாதி எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார்.

"இரவல் வாங்குற ஆளில்லையே மிக்கேலு, அவரு. குடுக்கிற ஆளுல்லா."

வரிசையில் பின்னால் நின்ற எல்லோரும் அதை ஆமோதித்துத் தலையசைத்தார்கள். குமாஸ்தா எழுதியதை அடிக்காமல் அப்படியே விட்டு, எழுந்து, தன் நாற்காலியை மேஜைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து போட்டு, உட்காருங்க என்றார். நாற்பத்திரண்டு வயதுவரை அந்த அலுவலகத்தில் மிக்கேலை யாரும் உட்காரச் சொன்னதில்லை. 'நீ'யாக இருந்தவன் 'நீங்க' ஆனதையும் அவன் அப்போதுதான் கவனித்தான்.

அதற்குப் பிறகு ஊர் அவனிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டது. டீக்கடையில் அவன் தம்ளரை வெந்நீர் ஊற்றிக் கழுவித் தனியாக வைத்தார்கள். கிரேன் ஏணியில் ஏறும்போது கீழே நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பார்பர் அவனுக்கு முடிவெட்டிவிட்டு, கேட்காமலே முகத்தில் பவுடர் போட்டுவிட்டார். பிளெக்ஸ் கடைக்காரர் வீட்டுக்கே வந்து, நல்லதாக ஒரு போட்டோ இருக்குமா, அவசரமில்லை என்றார். மிக்கேல் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது, கூண்டிலிருந்து பார்த்தால் ஊர்க்காரர்கள் எல்லோரும் அண்ணாந்து தன்னையே பார்க்கிறார்கள், தான் கையாட்டினால் பதிலுக்குக் கும்பிடுகிறார்கள் என்று சொன்னான். சொல்லிவிட்டு, தனக்குப் பயமாக இல்லை, ஆனால் பசி குறைந்துவிட்டது என்றான். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்திருந்துவிட்டு எழுந்துவிட்டான்.

வியாழக்கிழமை அமலோற்பவம் மாஸ்டர் வீட்டுக்குப் போய், பாட்டை அரேஞ்ச் பண்ணித் தரச் சொன்னாள்.

அவர் சட்டென்று புரிந்துகொண்டார். புதுப் பாட்டு காலியாக இருப்பதால்தான் அது ஆள் தேடுகிறது. ஊரில் எல்லாச் சாவுக்கும் பேண்டு வாசிக்கிற பழைய பாட்டு ஒன்று உண்டு. அதில் ஏற்கெனவே ஊரின் செத்தவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். புதுப் பாட்டைத் துண்டு துண்டாக வெட்டி அந்தப் பழைய பாட்டுக்குள் கலந்து பிரித்துக் கொடுத்துவிட்டால், அவரவர் துக்கம் அவரவர் செத்தவர்களிடம் போய்ச் சேரும், மிக்கேலுக்கு என்று தனியாக ஒன்றும் மிஞ்சாது.

"உன் பாட்டு அதோட முடிஞ்சுபோகும்மா," என்றார் மாஸ்டர். "பெறகு யாருக்கும் அது பாட்டாவே தெரியாது."

"போகட்டும் மாஸ்டர்."

"இன்னொண்ணும் சொல்லிருதேன். அரேஞ்ச் பண்றதுன்னா ஒருத்தர் கையில இருக்கிறத எடுத்து இன்னொருத்தர் கையில குடுக்கிறது. இல்லாம ஆக்குறது இல்ல."

"செத்தவங்க கையிலதான குடுக்கப் போறோம்," என்றாள் அவள்.

வியாழன் மாலையிலிருந்து சனி மதியம்வரை மாஸ்டர் நாற்காலியை விட்டு எழவில்லை. அவருடைய நாற்பது வருஷத்து வேலைகளிலேயே சிறந்தது அது என்று பின்னால் பேண்டில் எல்லோரும் சொன்னார்கள். புதுப் பாட்டின் ஒவ்வொரு வரியையும் பிரித்து, பழைய பாட்டின் அடியிலும் இடுக்கிலும் வைத்து, இருபத்திமூன்று பேருக்கும் அளவாகப் பங்கிட்டார். யூபோனியத்தின் எட்டு வரியை மட்டும் வெட்ட முடியவில்லை. வெட்டினால் பழைய பாட்டும் சேர்ந்து சரிந்தது. ஆகவே அதை முழுசாகவே வேலாண்டியிடம் விட்டார். வேலாண்டிக்கு எழுபது பேருள்ள குடும்பம், ஐந்து தலைமுறைச் செத்தவர்கள் உண்டு, எட்டு வரி அவரிடம் தங்க இடம் இருக்கும் என்று கணக்குப் போட்டார்.

சனி மதியம் ஷிப்டு பட்டியல் ஒட்டினார்கள். இரண்டாம் சூளையில் செங்கல் வரிசை பெயர்ந்துவிட்டது, விழா நாளானாலும் மேஸ்திரிகள் மூன்று பேரும் வேலைக்கு வர வேண்டும். வேலாண்டியின் பெயர் இரண்டாவதாக இருந்தது. மாஸ்டர் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கூடத்துக்குத் திரும்பி, யூபோனியம் தாளை எடுத்து ஓரமாக வைத்து, முதல் கிளாரினெட் தாளை இழுத்து, அந்த எட்டு வரியைப் பொடி எழுத்தில் அதில் எழுதினார். நாற்பது வருஷமாக அந்தக் கை இப்படி எழுதி எழுதிப் பழகியிருந்தது. எழுதும்போது அவர் வேறெதையோ, விழாவுக்குச் சீருடை சலவைக்குப் போய்விட்டதா என்பதை, யோசித்துக்கொண்டிருந்தார். மை காயத் தாளை ஊதினார்.

இருபத்தெட்டாம் நாள் பூங்காவில் உட்கார இடமில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மூன்று பேருக்கு மாலை போட்டார்கள், ஐம்பது வருஷத்தைப் பற்றிப் பேசினார்கள், வெள்ளை வட்டத்துடன் பேனர் மேடைக்குப் பின்னால் கட்டியிருந்தது. முதல் வரிசையில் நடுவில் ஒரு நாற்காலிக்கு வெள்ளைத் துணி போர்த்தி அதில் மிக்கேலை உட்காரவைத்திருந்தார்கள். அவன் சலவைச் சட்டை போட்டிருந்தான். நாச்சியப்பன் பக்கத்தில் பதிவேட்டை மடியில் வைத்திருந்தார். மாஸ்டர் கையை உயர்த்தினார்.

பழைய பாட்டு தொடங்கியதும் ஊர் ஒருமுறை நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு ஒவ்வொரு முகமாக மாறியது. மருந்துக்கடைக்காரர் தன் தம்பி பெயரைச் சொன்னார். வாட்ச்மேன் தன் அம்மா பெயரைச் சொன்னார். குவாரியில் கணவனைப் பறிகொடுத்த பெண் ஒருத்தி பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அவன் பெயரைச் சொல்லி அழுதாள். இருபத்தெட்டு நாளாகப் பெயரில்லாமல் அலைந்த துக்கம் பெயர் பெயராகப் பிரிந்து அவரவர் வீட்டுக்குப் போனது. வெள்ளைத் துணி நாற்காலியை அதன் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போது யூபோனியத்தின் எட்டு வரி வந்தது, வேலாண்டியின் இடம் காலியாக இருந்தது, அமலோற்பவம் தன் தாளில் பொடி எழுத்தைப் பார்த்தாள், பேண்டில் பதினாறு வருஷமாக ஆளில்லாத வரி எத்தனையோ வாசித்தவள், யோசிக்காமல் வாசித்தாள்.

அந்த எட்டு வரியிலும் அவளுக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. குழாயடி இல்லை, முதுகு இல்லை, ஈரத்துண்டு இல்லை. மெட்டு மட்டும் கேட்டது. கட்டி உடைவதற்கு முந்திய அந்த நொடியிலிருந்து தான் எடுத்த மெட்டு, எந்தக் கண்ணீரும் மேலே படியாமல், வெயிலில் கழுவி வைத்த பாத்திரம்போல அவள் காதில் விழுந்தது. நன்றாகத்தான் போட்டிருக்கிறோம் என்று அவள் முதல் முறையாக நினைத்தாள். நினைத்து முடித்த பிறகுதான், இதுவரை இந்தப் பாட்டைப் பாட்டாகக் கேட்ட ஒரே ஆள் யார் என்பது அவளுக்கு உறைத்தது.

பாட்டு முடிந்தது. மிக்கேல் நாற்காலியிலிருந்து எழுந்து மேடைப் படிக்கு ஓடிவந்தான். முகம் முழுக்க நனைந்திருந்தது, அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"வந்துட்டு அமலி. எனக்கும் ஞாபகம் வந்துட்டு," என்றான். "ஒரு பொம்பள. மொகம் தெரியல. வலது கட்டைவிரல்ல காய்ச்சிருக்கும். நான் தூங்கிட்டேன்னு நெனச்சு அந்த விரலால என் நெத்தியில சிலுவை போடும். பாவம், நல்ல மனுஷி."

கிளாரினெட்டின் முழுப் பாரமும் தாங்குவது வலது கட்டைவிரல். அவள் அதை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் அவள் தாளைக் கையில் எடுத்து, தன் எழுத்தையே இன்னொருவர் எழுத்தைப்போலப் படித்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் பேச்சு எழுந்தது. செத்தது ஆணல்ல, பெண் என்று மருந்துக்கடைக்காரருக்கும் இப்போது தோன்றியது. ஆமாம், சுண்ணாம்பு வாசனை அடிக்கும் என்று தபால்காரர் சொன்னார். குழி கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, பரவாயில்லை, கால்மாட்டில் மண் போட்டுக்கொள்ளலாம் என்று மயானத்து ஆள் யாரிடமோ சொன்னார். நாச்சியப்பன் பதிவேட்டில் புதுப் பக்கம் திருப்பி, தேதி போட்டு, மேடையிலிருந்தே தொடங்கினார். ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். பெரிய டிரம், சைடு டிரம், டிராம்போன்கள். கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான், குரல் எல்லோரிடமும் கனிவாகவே இருந்தது.

அவள் முன்னால் வந்து நின்றார்.

"உங்களுக்கு என்னம்மா ஞாபகம் வந்துது?"

ஒரு பொய் போதும். கட்டைவிரலைப் பற்றி மிக்கேல் சொன்னதையே திருப்பிச் சொல்லலாம். ஆனால் வராத ஆள் கிடைக்கும்வரை பதிவேடு மூடப்படாது, மூடாத பதிவேட்டில் போன வாரத்துப் பக்கத்தில் சைக்கிள் பம்ப் பற்றிய பாதி வரி ஒன்று அடித்துத் திருத்தப்படாமல் கிடக்கிறது, அது அவளுக்குத் தெரியும். படிக்குக் கீழே மிக்கேல் கடலைப் பொட்டலம் வாங்கியிருந்தான். ஒரு வாரத்துக்குப் பிறகு அவனுக்குப் பசித்தது. ஒன்றை உடைத்து, முளையைக் கிள்ளி எறிந்தான்.

"ஒண்ணும் வரல சார்," என்றாள் அமலோற்பவம். "பாட்டுதான் கேட்டுது. நல்ல பாட்டு."

நாச்சியப்பன் அதை எழுதினார், எழுதியதற்கு அடியில் அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்தார், பேனாவை மூடினார். முன்வரிசையிலிருந்து யாரோ அந்த வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மேடையில் அவளுக்குப் பின்னால் போட்டு, மேலே படிந்திருந்த தூசியைத் தன் துண்டால் தட்டிவிட்டு, உட்காருங்கம்மா என்றார்.